நாற்பதுக்குத் தைத்த துப்பட்டா

ஹமீதா பானுவின் இடது கை துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தது. வலது கை மணிச்சரத்தை அந்த ஓரத்தோடு ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மணிக்கும் மணிக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடம். ஊசி அதற்குள் இறங்கி ஏற வேண்டும். வெறுங்கால்கள் மெஷின் மிதியில் இருந்தன. செருப்புப் போட்டு மிதித்தால் வேகம் பிடிபடாது என்பாள்.

வெறுங்காலுக்கும் இப்போதெல்லாம் வேகம் பிடிபடுவதில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வாசலில் துப்பட்டாவை வாங்க வந்த ரஹ்மத் பீவி மகன் ஷஹ்பாஸ் பைக்கை அணைக்காமலே ஹாரன் அடித்தான்.

"மாமி, ஆச்சா? உம்மா மூணு தடவ போன் பண்ணிட்டாங்க."

"நில்லுடா. நாளைக்குத்தானே நாப்பது? இன்னும் நாலு விரக்கடைதான் பாக்கி."

நாலில் இரண்டு முடிந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் கால் நிற்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். ஊசி மணியின் மேல் இறங்கி முறிந்துவிட்டது.

முத்துப்பேட்டையில் முப்பது வருஷமாகத் தைக்கிற ஹமீதாவிடம் ஒரு சட்டம் உண்டு. ஊசி முறிந்தால் இரண்டு துண்டும் கைக்கு வர வேண்டும். உள்ளங்கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிய பிறகுதான் அடுத்த தையல். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று பெண் வீட்டாரே வந்து நின்றாலும் சரி, தரையில் குப்புறப் படுத்துத் தேடிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். துணி உடம்போடு ஒட்டுகிற பொருள். அதில் இரும்பு இருக்கக் கூடாது.

அன்று மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. முனையைக் காணவில்லை. எழுந்து மெஷினைச் சுற்றி வந்து பார்த்தாள். ஹாரன் மறுபடி அடித்தது. அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று புது ஊசி மாட்டி, மீதி இரண்டு விரற்கடையையும் தைத்து முடித்து, வழக்கம்போல் ஓரம் முழுக்க விரல் நுனியால் தடவிப் பார்த்து, மடித்துக் கொடுத்துவிட்டாள். மணி பன்னிரண்டரை.

அந்தத் துணியைக் கடையில் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். சபிஹாவுக்குத் தலைப்பிள்ளை. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வெளியே போகக் கூடாது என்பதால், மாமியார் ரஹ்மத் பீவி ஹமீதாவைக் கூட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டி ஜவுளிக்கடைக்குப் போனாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்ததும், தாயும் பிள்ளையும் ஒரே புதுத் துப்பட்டாவுக்குள் உட்கார வேண்டும். வந்திருக்கிற பெண்களின் நடுவே, அந்தத் துணிக்குள் வைத்தே பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். ஆகவே துணி சாதாரணமாக இருக்க முடியாது.

ஹமீதா அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடும் ரஹ்மத் பீவியின் கை நேராகக் கல் வைத்த ஜார்ஜெட்டுக்குத்தான் போனது.

"லாத்தா, இது தலையில நிக்காது, வழுக்கும். புள்ள மூஞ்சில விழுந்தா மூச்சும் விட முடியாது" என்றாள் ஹமீதா.

"ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு குத்தம்."

ஹமீதா மல் துணியைக் கேட்டாள். கடைக்காரர் மூன்று தினுசு விரித்தார். ஒவ்வொன்றையும் கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டாள். சுருக்கம் அப்படியே நின்றதை ஒதுக்கி வைத்தாள். நனைத்த கைக்குட்டையால் தேய்த்தாள். சாயம் ஒட்டியதையும் ஒதுக்கினாள். மிஞ்சியது மல்லிகைமொட்டு நிறத்தில் ஒன்று. அதன் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். காகிதம் எரிகிற வாடை வந்தது, சாம்பல் உதிர்ந்தது.

"நல்ல பருத்தி. ரெண்டரை மீட்டர் போடுங்க" என்றாள்.

"வெறும் வெள்ளையாவா? பார்த்தா செத்தவங்களுக்குச் சுத்துற கபன் துணி மாதிரி இருக்கும்டி" என்று ரஹ்மத் பீவி சண்டைக்கு வந்தாள். கடைசியில் இரண்டு தலைப்பிலும் மட்டும் மணிச்சரம் வைப்பது என்று முடிவானது. மணிகள் மெல்லிய இரும்புக் கம்பியில் கோத்தவை. ஹமீதாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள்.

துப்பட்டாவைக் கொடுத்தனுப்பிவிட்டுச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவளுக்கு அந்த முனை ஞாபகம் வந்தது.

முதலில் விளக்குமாற்றால் கூட்டினாள். பிறகு மண்டியிட்டு, சிவப்புச் சிமெண்டுத் தரையைக் கட்டம் கட்டமாகக் கண்ணால் தேடினாள். பிறகு காந்தத்தை எடுத்தாள். புருஷன் மீரா உசேனின் பழைய ரேடியோவிலிருந்து கழற்றி வைத்திருந்த வட்டக் காந்தம். மெஷினுக்கு அடியிலும் இழுப்பறையிலும் வெட்டுத்துணிக் குவியலிலும் அதை ஓட்டினாள். பதினொரு குண்டூசிகள், ஒரு கொக்கி, துருப்பிடித்த பழைய ஊசி ஒன்று. முனை வரவில்லை.

வீட்டில் இல்லையென்றால் அது துணியோடு போயிருக்கிறது.

ஓரம் முழுக்க விரலால் தடவித்தானே கொடுத்தோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஒரு குண்டூசியை எடுத்து ஆள்காட்டி விரல் நுனியில் லேசாகக் குத்தினாள். குத்துகிற மாதிரி இல்லை. கொஞ்சம் அழுத்தினாள். ஏதோ தடித்த உறைக்கு வெளியே யாரோ தட்டுவது போலத்தான் இருந்தது. பாதம் மரத்து இரண்டு வருஷம் ஆகிறது. போன நோன்பிலிருந்து விரலும் இப்படித்தான். இந்த விரலால் தடவித்தான் முனை இல்லை என்று கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

நாற்பது நாள் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் வாய் நன்றாகத் தெரியும். கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும், அகப்பட்டதைச் சப்பும். பால் என்று நினைத்துத் துணியின் ஓரத்தைச் சப்பும். அரை விரற்கடை இரும்பு தொண்டையில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

போன் செய்தாள். ரஹ்மத் பீவிதான் எடுத்தாள்.

"துணி அழகா இருக்குடி! சபிஹா இப்பவே போத்திப் பாத்துக்கிட்டு இருக்கா."

ஊசி என்று சொல்ல வாய் திறந்தாள். ஊசி என்றால் எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்றால் கை. கை என்றால் கால். கால் என்றால் ஊரே ஷார்ஜாவிலிருக்கிற மகன் அஸாருக்குப் போன் போடும்.

"லாத்தா, ஒரு எடத்துல நூல் விட்டுப் போச்சு. அதை எடுத்து வைங்க. நான் வர்றேன்."

"நூல்தானே? மெதுவா வா."

போன் வைக்கப்பட்டது. தான் சொன்ன பொய் மனசைச் சுட, காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மாசி மாதம். அறுத்த சம்பா நெல்லைத் தார்ச் சாலையில் பாதி அகலத்துக்குக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு டிராக்டர் நின்று வழியை அடைத்திருந்தது. நெல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். செருப்புக் காலோடு நெல்லை மிதிக்க அந்தப் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. ஹமீதா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினாள். தாண்டி அந்தப் பக்கத் தாரில் நின்றபோதுதான், நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ராசம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பாயம்மா இவ்வளவு வேகம்? மருமவ தேடப் போறீங்களா?"

"ரஹ்மத் பீவி வீட்டுக்கு. விடு ராசம்மா."

"செருப்பப் போடுங்க முதல்ல. தார் இந்தக் கொதி கொதிக்குது, கோயில் செல மாதிரி நிக்கிறீங்க. கால் சுடலையா?"

ஹமீதா குனிந்து பார்த்தாள். கால் தாரில்தான் இருந்தது. "சுடுது, சுடுது" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அப்போது அவளுக்கு மீரா உசேன் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. இறால் குட்டையில் காவல் பார்த்தவர். ஒரு சீமைக்கருவேல முள். குத்தியது அவருக்கே தெரியாது. மூன்றாம் நாள் நாற்றம் வந்துதான் தெரிந்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. நாலு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். ஹமீதாதான் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கட்டுப் பிரித்துச் சீழ் துடைத்துக் கட்டினாள். புரட்டிப் போட்டு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். சர்க்கரை ஒரு காலை எப்படித் தின்னும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்ததால்தான் பயம். பயத்தால்தான், இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கும் சர்க்கரை என்று மருத்துவ முகாமில் எழுதிக் கொடுத்த சீட்டை மெஷின் இழுப்பறையில் பாபின்களுக்கு அடியில் போட்டு மூடினாள். மாத்திரையை நினைத்தபோது வாங்கினாள். அஸாருக்குத் தெரிந்தால் மெஷினை விற்றுவிட்டு உட்காரச் சொல்வான். உட்கார்ந்தால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

ரஹ்மத் பீவி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வெள்ளை டைல்ஸ். கூடத்தில் பாயில் சபிஹா உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து மடிவரை அந்தத் துப்பட்டா. உள்ளே பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

"வாங்க மாமி! பாருங்க, எவ்வளவு மெத்துன்னு இருக்கு. இதுக்குள்ள போனதும் அழுகையே நின்னுடுச்சு."

ஹமீதா பாயோரம் குனிந்தாள். எட்டித் துணியை உருவினாள்.

"மாமி!"

பிள்ளை வாயை எடுத்துவிட்டு முகத்தைச் சுருக்கியது. சபிஹா அதைப் பாயில் படுக்க வைத்தாள். ஹமீதா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணியை மடியில் குவித்து, ஒரு தலைப்பைத் தேடிப் பிடித்தாள். காந்தத்தை வைத்தாள். மணிக்கம்பி முழுக்க இரும்பு. வைத்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. காந்தம் உதவாது. விரலால் தடவினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒன்றும் தெரியாததை இப்போது நம்ப முடியாது. கண்ணுக்கு அருகே தூக்கிப் பார்த்தாள். மணிகள் மினுமினுத்துக் கண்ணை ஏமாற்றின. இன்னொரு தலைப்பு தரையில் அவள் காலடியில் கிடந்தது.

சமையலறையிலிருந்து வந்த ரஹ்மத் பீவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நூல் விட்டுச்சுன்னே. நூலுக்கு எதுக்குடி காந்தம்?"

"பாத்துட்டுத் தர்றேன் லாத்தா."

"பாத்தது போதும். புள்ளக்கிக் காத்தடிக்குது." துணியை வெடுக்கென்று இழுத்து, பாயில் படுத்திருந்த பிள்ளையின் மேல் போர்த்தினாள். ஹமீதாவின் காலடியில் கிடந்த தலைப்பு பிள்ளையின் கழுத்தோரம் போய் விழுந்தது.

அதைப் பார்த்ததும் ஹமீதாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எடுங்க லாத்தா! அதுல ஊசி இருக்கு. முறிஞ்ச ஊசி. முனை இன்னும் கிடைக்கல."

சபிஹா துணியைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே உறைந்தாள். தலைப்பின் ஓரத்தில் மிளகு அளவுக்குச் சிவப்பு. பிள்ளையின் கன்னத்திலும், வாய்க்கு அருகே, ஒரு தீற்றல்.

"உம்மா! ரத்தம்!"

பிள்ளை வீறிட்டது. ரஹ்மத் பீவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஆனால் நாலு வருஷம் நோயாளியைப் பார்த்த ஹமீதாவின் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"அழாதே. போன்ல லைட்டப் போடு. புள்ளயத் தூக்காதே, தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சுப் புடி. லாத்தா, என் விரலுக்கு உணர்ச்சி இல்ல. ஒங்க சுண்டு விரலக் கழுவிட்டு வாங்க."

ரஹ்மத் பீவி ஓடிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். பிள்ளை அழுததும் நல்லதாகப் போயிற்று. வாய் அகலத் திறந்திருந்தது. ஹமீதா சொல்லச் சொல்ல, ரஹ்மத் பீவியின் சுண்டு விரல் மேல் ஈறு, கீழ் ஈறு, நாக்குக்கு அடி, கன்னத்தின் உள்பக்கம் என்று போனது. வெளிச்சத்தில் எல்லாம் இளஞ்சிவப்பாய்ச் சுத்தமாக இருந்தது. எச்சிலில் சிவப்பு இல்லை. கன்னத்துத் தீற்றலை ஈரத்துணியால் துடைத்தார்கள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"பால் குடு" என்றாள் ஹமீதா.

பிள்ளை கவ்வியது. இழுத்துக் குடித்தது. விழுங்குகிற சத்தம் ஒழுங்காகக் கேட்டது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றார்கள்.

பிறகுதான் ரஹ்மத் பீவிக்குக் கோபம் வந்தது.

"நூலுன்னு சொன்னியே! போன்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே எடுத்திருப்போமே. என் பேரன் வாய விட ஒன் பேரு ஒனக்குப் பெருசாப் போச்சா?"

ஹமீதா தலை குனிந்தாள்.

"அப்ப இந்த ரத்தம் யாரோடது?" என்றாள் சபிஹா. கேட்டவளே தரையைப் பார்த்தாள். "மாமி, இதப் பாருங்க."

வாசலிலிருந்து பாய்வரை, வெள்ளை டைல்ஸில், ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு, சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டு. எல்லாம் இடது கால் பதிந்த இடம்.

ஹமீதா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இடது பாதத்தைத் திருப்பினாள். குதிகாலுக்கு முன்னால் கறுப்பாய் ஒரு துளை, அதைச் சுற்றிக் காய்ந்தும் காயாமலும் ரத்தம். முறிந்த முனையைத் தேடி மெஷினைச் சுற்றி நடந்தது ஞாபகம் வந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் ரத்தம் எப்படித் தெரியும்? அவள் தேடியது காலுக்குள் இருந்திருந்தால், காந்தத்துக்கு எப்படிக் கிடைக்கும்?

சபிஹா பிள்ளையை ஒரு கையால் அணைத்தபடியே குனிந்து அந்தத் துளையின் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"வலிக்குதா மாமி?"

ஹமீதா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தொடு, சொல்றேன்."

சபிஹாவின் விரல் தொட்டபடியே இருந்தது. அவள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். ரஹ்மத் பீவியின் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஹமீதா, மீரா உசேனுக்கும் இப்படித்தானே..."

"சொல்லாதீங்க லாத்தா."

ஹமீதா பாதத்தைக் கீழே இறக்கித் துப்பட்டாவைக் காட்டினாள்.

"கால்லதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். நினைப்பு போதாது. ஆஸ்பத்திரியில இனி காலையிலதான் படம் எடுப்பாங்க. முனை என் கைக்கு வர்ற வரைக்கும் அந்தத் துணி புள்ள கிட்ட வரக் கூடாது. நாளைக்குக் குளிப்புக்கு முன்ன, பத்தரைக்குள்ள என் போன் வரலேன்னா வேற துணியப் போத்துங்க. ரத்தக்கறைக்குப் பச்சத் தண்ணி விடுங்க, சுடுதண்ணி விட்டா அப்படியே புடிச்சிக்கும்."

ரஹ்மத் பீவி அவள் காலைத் தானே கழுவி, சுத்தமான துணியைச் சுற்றிக் கட்டினாள். ஷஹ்பாஸ் பைக்கில் கொண்டுபோய் வீட்டில் விட்டான். துப்பட்டா அலசி, பிள்ளை இல்லாத பின்கட்டுக் கொடியில் தொங்கியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹமீதா அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். பையில் முறிந்த மேல் துண்டு இருந்த புட்டியும், இழுப்பறையிலிருந்து எடுத்த பழைய சீட்டும் இருந்தன. கூட ராசம்மாள் வந்திருந்தாள். மாசா மாசம் சர்க்கரை மாத்திரைக்கு வந்து அங்கே எல்லா ஜன்னலும் அத்துப்படி ஆனவள்.

"நேத்தே நெனச்சேன் பாயம்மா. தார்ல நின்னு சுடுதுன்னு பொய் சொன்ன மொகம் அது" என்றாள்.

"தெரிஞ்சா நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டுடுவீங்களாக்கும்!"

எக்ஸ்ரே படத்தில் அது ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரிந்தது. சின்னது, நேரானது, குதிகால் எலும்புக்குப் பக்கத்தில். ஹமீதாவுக்கு முதலில் வந்தது ஆறுதல். பிள்ளைக்குள் போகவில்லை, தனக்குள்தான் போயிருக்கிறது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் முப்பது வயசுப் பெண். மரத்துப்போக ஊசி எடுத்தாள்.

"அது போடாட்டியும் எனக்குத் தெரியாதும்மா" என்றாள் ஹமீதா.

டாக்டர் சிரிக்கவில்லை. ஊசியைப் போட்டாள், கீறினாள், எடுத்தாள். பஞ்சின் மேல் முனை வந்தது. ஹமீதா அதைக் கழுவித் தரச் சொன்னாள். புட்டியைத் திறந்து மேல் துண்டை உள்ளங்கையில் வைத்து, முனையை அதன் வாயோடு சேர்த்தாள். பொருந்தியது. இன்னொரு தடவை திருப்பிச் சேர்த்துப் பார்த்தாள். பொருந்தியது. இரண்டையும் புட்டிக்குள் போட்டு மூடினாள்.

பத்து மணிக்கு ரஹ்மத் பீவிக்குப் போன் செய்தாள்.

"முனை முழுசா கைக்கு வந்துடுச்சு லாத்தா. எங்கேயும் பாக்கி இல்ல. துணியப் போத்தச் சொல்லுங்க."

"கறை போயிடுச்சுடி. பச்சத் தண்ணிதான் விட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஒன் பங்குச் சோறு எடுத்து வச்சிருக்கேன். டாக்டர் என்ன சொல்றாங்க?"

"இனிமேதான் கேக்கணும்."

போனை ராசம்மாளிடம் கொடுத்து, "அஸார் நம்பரப் போடு. இன்னைக்கி வெள்ளிக்கிழம, லீவுதான், எடுப்பான்" என்றாள். பிறகு பையிலிருந்து இரண்டு வருஷத்துப் பழைய சீட்டை எடுத்து மடிப்பை நீவி டாக்டரின் மேஜையில் வைத்தாள். டாக்டர் தேதியைப் படித்தாள், நிமிர்ந்து ஹமீதாவைப் பார்த்தாள்.

ஹமீதா கட்டுப் போட்ட இடது காலை ஓரமாக வைத்துவிட்டு, வலது பாதத்தைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"திட்டுறத அப்புறம் திட்டுங்க டாக்டர். முதல்ல இதையும் பாருங்க."